முதல் கட்டத்தில் இருநூத்தி ஒண்ணு

வாங்க சார், உள்ள வாங்க. செருப்ப அங்கனயே விட்டுருங்க. நாலரைன்னு சொன்னேன், டாண்ணு நாலரைக்கு நிக்கிய. அதுவும் நல்லதுதான், நமக்கு ஆறு மணி வரைக்கும்தான் நேரம். இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்லா, வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருக்கா. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு செவ்வாக்கிழமை தவறாது. மழை பெஞ்சாலும் போவா, காச்சல் அடிச்சாலும் போவா. அதனாலதான் உங்கள இன்னைக்கு வரச் சொன்னேன். அவ திரும்பி வாறதுக்குள்ள நீங்க இந்தச் சவத்தப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிரணும்.

பயப்படாதீங்க, திருட்டுச் சாமான் இல்ல. என்னோடதுதான். இன்னா பாருங்க.

பாத்தியளா, முழிக்கிய. கம்ப்யூட்டர்தான், ஆனா நோட்டுப் புத்தகம் அளவு, நாலு பென்சில் பேட்டரி, எட்டு வரி காட்டும். சுவிட்சப் போடுங்க. வந்துட்டா? உள்ள எழுதுனது அழியாம இருக்கான்னுதான கேக்கிய? எல்லாம் இருக்கு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு அவ புது பேட்டரி போட்டுருவா. உள்ள ஒரு குட்டி பேட்டரி உண்டு பாருங்க, அது கசிய ஆரம்பிச்சா ரேடியோ மெக்கானிக்கிட்ட அவளே தூக்கிட்டுப் போயி மாத்திட்டு வந்துருவா. மூணு தடவ மாத்தியாச்சு. கெட்டுப் போன மிஷினுக்கு எதுக்குளா பேட்டரின்னு கேப்பேன். பூஜையில வைக்கது, உசுரோட இருக்கட்டும்னுட்டுப் போயிருவா. புத்திசாலிதான், ஆனா ஜோசியர் வீட்டுல பொறந்தவல்லா, அந்தக் கோட்டி கொஞ்சம் உண்டு.

கெட்டுப் போனதுன்னு சொன்னேன்லா, அது பொய் சார். இது ஒரு நாளும் கெட்டுப் போகல. நான் கெளப்பி விட்ட பொய்யி. நீங்க பழைய கம்ப்யூட்டரா வாங்கிச் சேக்கவரு, வெவரம் தெரிஞ்சவரு, வீட்டுல போயி உள்ள எல்லாத்தையும் தோண்டிப் பாப்பிய. பாத்துட்டு இண்டர்நெட்டுல போட்டு, அது சுத்திச் சுத்தி அவ கண்ணுல பட்டுச்சுன்னா நான் தொலைஞ்சேன். எனக்கு அறுபத்தஞ்சாச்சு. நான் போறதுக்கு முன்னால இது வீட்ட விட்டுப் போயிரணும். அதான் நானே சொல்லிருதேன், கேட்டுட்டு உங்களோட வச்சுக்கிடுங்க.

இது எம்பத்தேழாம் வருசம். எங்க சித்தப்பா குத்தாலிங்கம் மேல ரதவீதியில ஒரு மாடியில மங்களம் கல்யாணத் தகவல் நிலையம்னு வச்சிருந்தாரு. ரெண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, பீரோ நெறைய ஜாதகம். நான் பி.எஸ்ஸி கணக்குப் படிச்சுட்டு வேல கெடைக்காம அந்த ஜாதகத்த அடுக்கிக்கிட்டுக் கெடந்தேன். அப்பதான் சித்தப்பாவோட சகலை சிங்கப்பூர்லேருந்து இதக் கொண்டாந்து கொடுத்தாரு. மறுநாளே சித்தப்பா போர்டு எழுதி மாட்டிட்டாரு. 'இவ்விடம் கம்ப்யூட்டர் மூலம் ஜாதகப் பொருத்தம் பார்க்கப்படும்.' மாட்டிட்டுக் கீழ நின்னு அழகு பாத்துட்டு மேல வந்து எங்கிட்ட கேக்காரு, "ஏல ஆவுடை, இது பாக்குமாலே?"

நான், "ஜம்முனு பாக்கும் சித்தப்பா"ன்னுட்டேன். தெரியாதுன்னு ஒரு வார்த்த இந்த வாயில வராது சார். அதுதான் எனக்கு எல்லாத்துக்கும் ஆரம்பம்.

மிஷினோட வந்த புத்தகத்த வச்சு ஒரு மாசம் முட்டி மோதி பேசிக்குங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதிட்டேன். பத்துப் பொருத்தம். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, அதுல ரஜ்ஜுன்னு ஒண்ணு இருக்கு. அது தாலிக்கயிறு சமாச்சாரம். நட்சத்திரத்தையெல்லாம் தலை, கழுத்து, வயிறு, தொடை, காலுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. ஆணும் பொண்ணும் ஒரே எடத்துல வந்துரக் கூடாது. தலைக்குத் தலை வந்தா புருசன் உசுருக்கு ஆபத்து. மத்த ஒம்பதும் பொருந்துனாலும் ரஜ்ஜு இல்லைன்னா ஜாதகத்த மடிச்சுக் கொடுத்துரணும். அதனால ரஜ்ஜு இல்லைன்னா மொத்தத்தையும் பூஜ்யமா காட்டச் சொல்லி சித்தப்பா உத்தரவு. அப்படியே எழுதுனேன்.

வேல செஞ்சுது. ஆனா நான் எழுதுன லெச்சணத்துக்கு ஒரு ஜோடிக்கு ரெண்டு நிமிசம் பத்து செகண்டு ஆகும். ரெண்டு நிமிசம் ஒரு நேரமான்னு நீங்க கேப்பிய. பொண்ணப் பெத்தவ எதுக்க உக்காந்திருக்கா சார். மிஷின் பேசாம கெடக்கு. அம்பது செகண்டுல அவ புருசன் மூஞ்சியப் பாப்பா. ஒண்ணரை நிமிசத்துல முந்தானையால கழுத்தத் தொடைப்பா. "இவ்வளவு யோசிக்குதே, பிள்ளை ஜாதகத்துல என்னமோ இருக்கு"ன்னுருவா. பொறவு ஒம்பது காட்டுனாலும் மனசு ஒப்பாது. பாளையங்கோட்டைலேருந்து வந்த ஒரு குடும்பம், மிஷின் முடிக்கதுக்குள்ள எந்திரிச்சே போயிட்டாங்க. தாமசம் ஆனதே அபசகுனமாம்.

சித்தப்பா சொன்னாரு, "யோசிக்காத மிஷினாப் பாத்து எழுதுலே." அப்பதான் மிஷின் லாங்குவேஜ்ல கைய வச்சேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பேசிக்குன்னா நடுவுல ஒருத்தன் நின்னு ஒவ்வொரு வரியா மொழி பேத்துச் சொல்லிக்கிட்டே இருப்பான், அதான் தாமசம். மிஷின் லாங்குவேஜ்னா அது பாஷையிலயே வெறும் நம்பரு. மெமரியில ஒரு ஓரமா கட்டம் கட்டமா நம்பர அடுக்கி வச்சுட்டு, பேசிக்குலேருந்து 'கால்'னு கூப்பிடுத ஆர்டர் ஒண்ணு போட்டா, அங்க போயி வேலைய முடிச்சு, விடையக் கடைசிக் கட்டத்துல வச்சுட்டுத் திரும்பி வந்துரும். திரும்பி வான்னு சொல்லுத நம்பர் இருநூத்தி ஒண்ணு. இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ஒரு காலேஜ் லைப்ரரியில உக்காந்து அந்த நம்பர் பட்டியல நோட்டுல எழுதிட்டு வந்தேன். முதல்ல ஒரு சோதனை. மொதக் கட்டத்துல இருநூத்தி ஒண்ண மட்டும் வச்சு கூப்பிட்டுப் பாத்தேன். போச்சு, வந்துது. சந்தோசம். பொறவு விடைக் கட்டத்த பேசிக்கு சரியா படிக்கான்னு பாக்க, நானே அதுல ஒரு எட்டப் போட்டேன். ஏன் எட்டுன்னா, எங்க அக்கா கல்யாணத்துக்கு அந்தக் காலத்துல பாத்தப்ப எட்டுப் பொருத்தம், அது ஞாபகத்துல இருந்துது. படிச்சான். எட்டுன்னு காட்டுனான். அதுக்குப் பொறவுதான் நூத்தி நாப்பத்திமூணு நம்பரையும் வரிசையா உள்ள ஏத்துனேன். ஏத்திட்டு, முத ஜோடியா எங்க அக்கா நட்சத்திரத்தையும் அத்தான் நட்சத்திரத்தையும் அடிச்சேன்.

எட்டு! கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள எட்டு! சார், நான் மேசையச் சுத்தி ஆடிட்டேன். சித்தப்பா கீழ போயி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வந்து மிஷின் முன்னால வச்சுக் கும்பிட்டாரு.

நீங்க சிரிக்கிய. உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. எனக்குப் புரிய ஏழு வாரம் ஆச்சு.

அதுலயும் ஒரு கூத்து என்னன்னா, இப்ப ரொம்ப வெரசா வந்துருதுன்னு ஜனங்க நம்ப மாட்டேங்காங்க. "பாக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி?"ன்னு கேக்காங்க. அதனால நானே உக்காந்து, மிஷின் பதினஞ்சு செகண்டு சும்மா நிக்க மாதிரி ஒரு வரி எழுதி, நடுவுல ரெண்டு தடவ 'பீப்'புன்னு சத்தம் போடவும் வச்சேன். வேகத்துக்காக ரெண்டு மாசம் கண்ணு முழி பிதுங்கிட்டு, பொறவு அதக் கட்டிப் போட ஒரு வரி. இந்த மாதிரி ஒரு மூதிய நீங்க பாத்திருக்க மாட்டிய.

வந்ததெல்லாம் எட்டு. தென்காசிக்காரங்களுக்கு எட்டு, அம்பாசமுத்திரத்துக்காரங்களுக்கு எட்டு. எனக்குச் சந்தேகமே வரல சார். நம்ம நிலையத்துக்கு நல்ல நல்ல ஜாதகமா வருதேன்னு பெருமையா இருந்துது. ஏழு வாரத்துல பத்தொம்பது ஜோடி. எட்டு வந்ததுக்கு யாராவது சண்டைக்கு வருவாங்களா? தாம்பாளத்துல வெத்தல பாக்கோட வந்தாங்க.

சரி, இனி செண்பகத்துக்கு வாறேன், அதான் எங்க வீட்டுக்காரி.

அப்ப டவுன்லயே பெரிய ஜோசியர் வள்ளிநாயகம் பிள்ளை. ரொம்பக் கறாரு. அவரு வாயிலேருந்து 'பொருந்தும்'னு வார்த்த வாறதுக்குள்ள கேக்கவனுக்கு மீச நரைச்சிரும். அவருக்கு ஒரே மக, செண்பகவல்லி. சொந்தப் பிள்ளைக்கு ஜோசியர் தானே பாக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு மொறை இருக்கு. பாசம் கண்ண மறைச்சிரும்லா. வேற ஆளுகிட்டத்தான் கொடுக்கணும். ஆனா டவுன்ல வேற ஜோசியன்னா அத்தன பேருக்கும் இவரு ஆகாது. இவரு கறாருனால வயிறு எரிஞ்சு கெடந்தவனுவ, வந்த ஜாதகத்தையெல்லாம் 'ஆகாது'ன்னு தட்டி விட்டானுவ. அவளுக்கு இருபத்தெட்டு வயசாச்சு. அந்தக் காலத்துல இருபத்தெட்டுன்னா தெருவே பேசும்.

ஒரு மத்தியானம், சித்தப்பா சாப்பிடப் போயிட்டாரு. கொடைய மடக்கிக்கிட்டு மாடியேறி வாறா. கையில மூணு ஜாதகம். மூணும் அவனுவ தட்டி விட்டது. "உங்க மிஷின் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்"னா. முதல்ல ஒண்ணு போட்டேன், எட்டு. ரெண்டாவது, எட்டு. மூணாவதும் எட்டு. அவ மிஷினப் பாத்தா, என்னப் பாத்தா, வாயப் பொத்திக்கிட்டு ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வார அளவுக்குச் சிரிச்சா. பாவம், அத்தன வருசமா 'ஆகாது ஆகாது'ன்னு கேட்டவளுக்கு மூணு எட்டு ஒண்ணா வந்தா சந்தோசம் இருக்கத்தான செய்யும்? எனக்கும் மனசு நெறஞ்சு போச்சு. உள்ளதச் சொல்லுதேன், அந்தச் சிரிப்புலயே எனக்கு அவளப் பிடிச்சுப் போச்சு.

சிரிச்சு முடிச்சுட்டு, மூணு ஜாதகத்தையும் மடிச்சுப் பையில போட்டுட்டு, "உங்களுக்கு என்ன நட்சத்திரம்?"னு கேட்டா.

"மிருகசீரிஷம்"னேன்.

சன்னல் வழியாத் தெருவப் பாத்துக்கிட்டு நின்னா. பொறவு, "ரஜ்ஜு இல்லைன்னா இது என்ன காட்டும்?"னு கேட்டா.

"பூஜ்யம். அதுலலாம் மிஷின் ரொம்பக் கறாரு, உங்க அப்பா மாதிரி"ன்னேன்.

"எனக்குச் சித்திரை. போடுங்க"ன்னா.

போட்டேன். பதினஞ்சு செகண்டு. பீப்பு. பீப்பு. எட்டு.

"எட்டா?"ன்னா. "எட்டு"ன்னேன். "அப்ப லெட்டர் பேடுல எழுதி, சீல் போட்டுத் தாங்க"ன்னு கைய நீட்டுனா. எவ்வளவு வெவரமா கேக்கா பாருங்க, கம்ப்யூட்டர்னா அவளுக்கு அம்புட்டு மரியாத.

ரெண்டு நாள் கழிச்சு வள்ளிநாயகம் பிள்ளையே வந்துட்டாரு. மூட்டு வலியோட பதினெட்டுப் படி ஏறி. அந்தத் தாள விரிச்சாரு, பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. சீலக்கூடத் தடவிப் பாத்தாரு. "தம்பி, மிஷின் தப்பே பண்ணாதோ?"ன்னாரு.

"மிஷின் தப்புப் பண்ணாதுங்கய்யா, மனுசன்தான் பண்ணுவான்"னேன். நான் சொன்னேன் சார், இந்த வாயால.

"அப்பச் சரி. மிஷினே சொல்லிட்டா, நான் யாரு?"ன்னாரு. தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாரு. படியில ஒரு கால வச்சுட்டுத் திரும்பி, "வண்டி ஓட்டுவியோ?"ன்னு கேட்டாரு. மொபெட்டுன்னேன். "மெதுவா ஓட்டு"ன்னுட்டு எறங்கிப் போனாரு.

முப்பது வருச ஜோசியரு, என் மிஷின் முன்னால ஒரு கேள்வி கேக்கல பாத்தியளா? அன்னைக்கு எனக்கு இருந்த தெம்பு இருக்கே!

நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னால. மிஷினத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். கை பட்டு, ஒண்ணுமே அடிக்காம என்டர் விழுந்துட்டு. ஆண் நட்சத்திரம் ஒண்ணும் இல்ல, பொண்ணு நட்சத்திரம் ஒண்ணும் இல்ல. பதினஞ்சு செகண்டு. பீப்பு. பீப்பு. எட்டு.

ஆளே இல்லாத ஆம்பளைக்கும் ஆளே இல்லாத பொம்பளைக்கும் எட்டுப் பொருத்தம்.

நோட்ட எடுத்துக் கட்டம் கட்டமாப் பாத்தேன். மிஷின் பூஜ்யத்துலேருந்து எண்ணும், நான் ஒண்ணுலேருந்து எண்ணியிருக்கேன். நூத்தி நாப்பத்திமூணு நம்பரும் ஒரு கட்டம் தள்ளிப் போயி உக்காந்திருக்கு. மொதக் கட்டத்துல அந்தச் சோதனை இருநூத்தி ஒண்ணு அப்படியே இருக்கு. கூப்பிட்டதும் போகும், மொதக் கட்டத்துல 'திரும்பி வா'ன்னு இருக்கும், வந்துரும். ஒருத்தர விசாரிக்க ஆள் அனுப்பி, அவன் வாசல்படியத் தொட்டுட்டு ஓடியாந்த மாதிரி. விடைக் கட்டத்துல நான் எங்க அக்காவுக்காகப் போட்ட எட்டு. அதத்தான் ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அம்புட்டு வெரசா ஏன் வந்துதுன்னா, அது ஒரு வேலையுமே பாக்கல சார்.

திருத்துனேன். ஒத்த எழுத்துத்தான், ரெண்டு நிமிச சோலி. அக்கா நட்சத்திரம் போட்டேன், எட்டு. சரி. பொறவு மிருகசீரிஷமும் சித்திரையும் போட்டேன்.

பூஜ்யம்.

தலை ரஜ்ஜு. மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம், மூணும் தலை. இது ஜோசியர் வீட்டுல பிள்ளைக வாய்ப்பாடு மாதிரிப் படிக்கது. செண்பகம் ஆறு வயசுலயே தலைலேருந்து கால் வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிப்பாளாம், அவ அப்பா, எங்க மாமா, பெருமையாச் சொல்லுவாரு. நான் அந்தப் பட்டியல டேட்டா வரியில அடிச்சு ஏத்துனவன், எனக்கு ஞாபகம் இல்ல.

மிஷினுக்கு முன்னால உக்காந்தேன். ரஜ்ஜுல எனக்கு நம்பிக்க உண்டான்னு கேட்டா, நான் பி.எஸ்ஸி, அதெல்லாம் கெடையாதுன்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா அந்தப் பூஜ்யத்தப் பாத்ததும் அந்தப் பேச்செல்லாம் பறந்து போச்சு சார். ஒரு பக்கம் சாவு பயம். இன்னொரு பக்கம், இதச் சொன்னா நிச்சயம் நின்னு போகும், அவ மறுபடியும் 'ஆகாது'ன்னு கேட்டுட்டு வீட்டுக்குள்ள போயிருவா. இனி அந்தச் சிரிப்ப நான் பாக்க முடியாது. அதுதான் எனக்குத் தாங்கல. நான் செத்தாலும் பரவால்லன்னு தோணிச்சு. பெரிய தியாகின்னு நெனச்சுராதீங்க. ஒடனே சாக மாட்டோம், பத்து இருவது வருசம் ஆகும்னு ஒரு கணக்கும் உள்ள ஓடிச்சு.

திரும்ப மொதக் கட்டத்துல இருநூத்தி ஒண்ணப் போட்டேன். விடைக் கட்டத்துல எட்டு. நான் முழுசாத் தெரிஞ்சு எழுதுன ஒரே புரோகிராம் அதான்.

நல்ல வேள போட்டேன். நிச்சயதார்த்தத்து அன்னைக்கு சித்தப்பா என்ன பண்ணுனாரு தெரியுமா? ரெண்டு வீட்டு ஜனமும் உக்காந்திருக்கு, மாமாவோட எதிராளி ஜோசியனுவளும் வந்திருக்கானுவ, நடுவுல ஸ்டூலப் போட்டு மிஷின வச்சுட்டாரு. விளம்பரமாம். நட்சத்திரத்த அவரே அடிச்சுட்டு, "சம்பந்தி, நீங்களே பட்டன அமுக்குங்க"ன்னுட்டாரு. மாமா அமுக்குனாரு. பதினஞ்சு செகண்டு நான் மூச்சு விடல. எட்டு வந்ததும் மாமா மிஷினப் பாக்கல சார், மகளத்தான் பாத்தாரு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. எதிராளி ஒருத்தன் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். "மிஷின் சொல்லுது வே, ஓமக்கு என்ன?"ன்னு மாமா ஒரு அதட்டு. அவன் வாய மூடிக்கிட்டான். கம்ப்யூட்டர் மேல அந்த மனுசனுக்கு இருந்த நம்பிக்கைய நெனச்சா எனக்கு இப்பவும் பாவமா இருக்கும். இப்படி ஏமாத்திட்டமேன்னு.

கல்யாணம் முடிஞ்ச கையோட, மிஷின் கெட்டுப் போச்சுன்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். இனி யாரையும் ஏமாத்த மனசு வரல. சித்தப்பா மாமாவையே நிலையத்துல கொண்டாந்து உக்கார வச்சுட்டாரு, இத எங்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டாரு. அந்தப் பத்தொம்பதுல பதிமூணு கல்யாணம் நடந்துது. பதிமூணுக்கும் போயிச் சாப்பிட்டேன், வெக்கங்கெட்டவன். ரொம்ப நாளா எங்கயாவது பாத்தா வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டு மூஞ்சிய உத்துப் பாப்பேன். ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. ஒண்ணு ரெண்டு அடிச்சுக்கிட்டுச் சேந்து இருக்கு. மத்ததெல்லாம் பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஊரு உலகத்துல உள்ளதுதான்.

எங்கிட்ட புரோகிராமப் பத்திக் கேட்ட ஒரே ஆளு செண்பகம்தான். கல்யாணம் ஆன புதுசுல, "இதுல மனுசங்க படிக்க மாதிரி எதுவும் எழுத முடியாதா?"ன்னு கேட்டா. ரெம்னு ஒண்ணு இருக்கு, வரி நம்பர் போட்டு, ரெம்னு அடிச்சுட்டு என்ன வேணாலும் எழுதலாம், மிஷின் அதக் கண்டுக்கிடாமத் தாண்டிப் போயிரும், மனுசன் படிக்கதுக்குத்தான்னு ஒரு சாயங்காலம் பூரா சொல்லிக் கொடுத்தேன். நல்லாக் கேட்டுக்கிட்டா. பொறவு அந்தப் பேச்சே எடுக்கல, மறந்துட்டா.

ரகசியத்த மனசுல வச்சுக்கிட்டு வாழுதது லேசு இல்ல சார். தலைவலி வந்தா, இன்னைக்குத்தான்னு நெனப்பேன். அவ ஒண்ணும் அறியாதவ. ஆனா பாருங்க, தல தீபாவளிக்கு எல்லாருக்கும் மோதிரம் போடுவாங்க, எனக்கு அவ அப்பா வீட்டுல சொல்லி ஹெல்மெட்டு வாங்கிக் கொடுத்தா. எம்பத்தெட்டுல! திருநவேலியில எவன் ஹெல்மெட்டு போட்டான்? தெருப்பய பூரா, "என்ன மாப்ள, நிலாவுக்கா?"ன்னு கேட்டானுவ. எதுக்குளா இதுன்னா, "சும்மா"ன்னா. இப்ப இருக்கது அஞ்சாவது ஹெல்மெட்டு. வாசல்ல வந்து நின்னு நான் போடுத வரைக்கும் போக மாட்டா. நான் தெருமுனை வரைக்கும் போட்டுட்டுப் போயி, திரும்புனதும் கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்கிடுவேன். தென்ன மரத்துக்குக் கீழ நிக்க விட மாட்டா. முடி வெட்டக்கூட செவ்வாக்கிழமை போகக் கூடாது. பொம்பளைகளுக்கு ஏதாவது ஒரு பயம், விடுங்க.

மணி அஞ்சே முக்கால். ஆமா, லிஸ்ட்னு அடிச்சு, எழுதுன வரியெல்லாம் ஓட விட்டுப் பாருங்க. இது மெயின் வரி. இது டேட்டா. நட்சத்திரம், ராசி... இன்னா பதினஞ்சு செகண்டு வரி. ரெண்டாயிரம் நம்பர் வரியோட முடிஞ்சிரும், அம்புட்டுதான். ஆஃப் பண்ணிக்கிடுங்க.

இன்னும் ஓடுதா? இருக்காதே. கீழ என்ன? ஒம்பதாயிரமா? நான் ஒம்பதாயிரத்துல ஒண்ணும் எழுதலையே சார். தள்ளுங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழா இருக்கு.

'ஒம்பதாயிரம் ரெம். 1988 ஆயுத பூஜை. எட்டு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தலை நல்லா இருக்கு.'

அடுத்தது. 'ரெம். 1989. தலை நல்லா இருக்கு.'

'1990. தலை நல்லா இருக்கு.'

'1991. காச்சல் வந்துது, போயிட்டு. தலை நல்லா இருக்கு.'

நீங்க அமுக்குங்க சார், எனக்குக் கை வரல. எட்டு எட்டு வரியா வருது. தொண்ணூத்தி ஆறு. 'அப்பா போகும்போது, மாப்பிள்ளை தலை பத்திரம்னு சொன்னாரு. நல்லா இருக்கு.' ரெண்டாயிரம். நல்லா இருக்கு. ரெண்டாயிரத்து ஒம்பது, 'முனை தாண்டுனதும் ஹெல்மெட்டக் கழட்டுதாரு. எதுத்த வீட்டு அக்கா பாத்துட்டுச் சொன்னா. இருந்தாலும் நல்லா இருக்கு.' ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, அது நான் பாத்ரூம்ல விழுந்த வருசம். 'தலையில நாலு தையல். நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். நல்லா இருக்கு. நல்லா இருக்கு.'

ரெண்டு தடவ எழுதியிருக்கா சார்.

அப்ப அன்னைக்குச் சிரிச்சாளே, அது... மெதுவா ஓட்டுன்னாரே அந்த மனுசன். நான் என்னத்தப் புரிஞ்சுக்கிட்டேன்? முப்பத்தாறு வருசமா இவள ஏமாத்திட்டோம்னு ஒத்தையில பயந்து செத்தேன். இவ அதே பயத்த அடுத்த அறையில வச்சுக்கிட்டு, வாரா வாரம் கோயில்ல வெளக்குப் போட்டுட்டு வந்திருக்கா. நான் ரஜ்ஜுவ நம்பாதவன், பயந்தேன். இவ முழுசா நம்புனவ, நம்பிக்கிட்டே என்னக் கட்டியிருக்கா. எனக்கு அழுக வருது சார், நீங்க தப்பா நெனக்கக் கூடாது.

வாசல் கேட்டு தொறக்குத சத்தம். அவதான். ஆஃப் பண்ணுங்க, கொடுங்க இங்க. பீரோவுல வச்சுருதேன். மன்னிச்சுக்கிடுங்க சார், அவ்வளவு தூரத்துலேருந்து வந்திய, ஆனா இது விக்கதுக்கு இல்ல. இந்த வருச ஆயுத பூஜை இன்னும் வரல.

வா, செண்பகம். இவரு மெட்ராஸ்லேருந்து வந்திருக்காரு, பழைய கம்ப்யூட்டர் வாங்குதவரு. ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. நம்ம மிஷினக் காட்டுனேன். கெட்டுப் போனதுல்லா, வேண்டாம்னுட்டாரு. ஆமா, தொறந்துலாம் பாக்கல. திருநீறா, பூசு. நெத்தியில வேண்டாம், உச்சந்தலையில வை, நல்லா அழுத்தி வை.

வாங்க சார், உங்கள பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வாறேன். ஒரு நிமிசம், அந்த ஹெல்மெட்ட எடுத்துக்கிடுதேன். நீ உள்ள போ, செண்பகம், வாசல்ல நிக்க வேண்டாம். இன்னைக்கு முனை தாண்டியும் போட்டிருப்பேன்.